வள்ளியும் சர்க்கரைவள்ளியும்

2014ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், அமெரிக்க நாட்டின் லூசியானா மாநிலத்திலுள்ள ஒரு சிற்றூர்ப் பங்கின் மன்றத்தில், எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியை நான் எல்லார் முன்னிலையிலும் தலைகுனிய வைத்தேன். ஒரு கிழங்கின் பொருட்டு அது நிகழ்ந்தது.

எங்கள் ஆயர் அனுப்ப, ஐந்தாண்டுகள் நான் அம்மாநிலத்தில் பணியாற்றினேன். அங்கே மாவட்டத்திற்கே 'பங்கு' என்றுதான் பெயர். பிரெஞ்சு, ஸ்பானியக் கத்தோலிக்க ஆட்சியின் எச்சம் அது. 'எந்தப் பங்கு?' என்று யாராவது கேட்டால், கோயிலைக் கேட்கிறாரா, கலெக்டர் எல்லையைக் கேட்கிறாரா என்று முதலாண்டு முழுவதும் நான் தடுமாறினேன். என்னோடு அதே இல்லத்தில் தங்கியிருந்தவர் நைஜீரிய நாட்டுக் குரு ஒருவர். இக்போ இனத்தவர்; என்னைவிட எட்டு வயது மூத்தவர். இறைமக்களுள் பெரும்பாலோர் கறுப்பினக் கத்தோலிக்கர். 1724ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு லூசியானாவுக்கென வெளியிட்ட அடிமைச் சட்டம், அடிமைகள் அனைவருக்கும் கத்தோலிக்கத் திருமுழுக்கு அளிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. விலங்கு பூட்டிய கையே தலையில் தண்ணீரும் வார்த்தது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் அந்த நம்பிக்கையைத் தமதாக்கிக் கொண்டு, இன்று நம்மை வெட்கப்படுத்தும் அளவுக்குப் பற்றோடு திருப்பலிக்கு வருகிறார்கள்.

நவம்பர் மாதத்து நான்காம் வியாழன் அவர்களுக்கு நன்றியறிதல் திருநாள். பங்கு மன்றத்தில் விருந்து. வான்கோழி, சோள ரொட்டி, அரிசியும் ஈரலும் கலந்த ஒரு சோறு என நீண்ட மேசை நிறைந்திருந்தது. அந்த மூதாட்டி, துணியால் மூடிய ஒரு பாத்திரத்தை இரு கைகளாலும் ஏந்தி வந்து நைஜீரியக் குருவின் முன் வைத்தார். வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் இட்டுப் பாகில் வேகவைத்த செம்மஞ்சள் நிறத் துண்டுகள். "ஃபாதர், ஆப்பிரிக்காவில் நீங்கள் யாம் கிழங்கு உண்டு வளர்ந்தவர் என்று கேள்விப்பட்டேன். இது எங்கள் வீட்டு யாம். என் பாட்டி சமைத்த முறை," என்றார்.

குமரி மாவட்டத்துக் கிழங்குக் கொல்லையில் வளர்ந்தவன் நான். வாய் சும்மா இருக்குமா? "அம்மா, இது யாம் அன்று. இது சர்க்கரைவள்ளி. இரண்டுக்கும் உறவே கிடையாது. யாம் என்பது வேறு குடும்பம்," என்று தொடங்கி, குருமடத்து விரிவுரையாளரைப் போல விளக்கத் தலைப்பட்டேன். சுற்றியிருந்தோர் உண்பதை நிறுத்திவிட்டுக் கேட்டனர். இளைஞர் இருவர் சிரித்தனர். மூதாட்டி பாத்திரத்தின் மீது கிடந்த துணியை மடித்தார், பிரித்தார், மீண்டும் மடித்தார். நைஜீரியக் குரு ஒன்றும் சொல்லாமல் இரண்டு கரண்டி எடுத்துத் தம் தட்டில் இட்டுக்கொண்டு, பிறகு மூன்றாவது கரண்டியும் எடுத்தார்.

நான் சொன்னதில் பிழை இல்லை. வாசகர்கள் பொருட்டு அதை இங்கே சொல்லிவிடுகிறேன். யாம் என்று ஆங்கிலத்தில் வழங்குவது நம் வள்ளிக்கிழங்கு இனம். எங்கள் பக்கத்தில் காச்சில் என்போம். பெருவள்ளி, சிறுவள்ளி என்றும் சொல்வர். யாழ்ப்பாணத்தார் இனிப்புக் கூழ் காய்ச்சும் ஊதாநிற இராசவள்ளியும் இதுவே. ஒருவித்திலைத் தாவரம். மரத்தையோ கொம்பையோ பற்றி மேலேறும் கொடி. கிழங்கையே துண்டாக்கி நட வேண்டும். தோண்டுவதற்கு எட்டு, ஒன்பது மாதங்கள் காத்திருக்க வேண்டும். தோல் மரப்பட்டை போலச் சொரசொரப்பானது. இனிப்பு இராது, மாவு மாவாக இருக்கும். சில ஆளுயரம்கூட வளரும். பச்சையாக உண்டால் நாக்கு அரிக்கும். சில வகைகள் நஞ்சும் கூட.

சர்க்கரைவள்ளியோ இருவித்திலைத் தாவரம். தரையில் படரும் கொடி. கடற்கரைப் பங்கு மக்கள் மணலில் காணும் அடம்பங்கொடிக்கும், குளத்து வள்ளைக்கீரைக்கும் அது ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. பூவைப் பார்த்தால் உறவு தெரியும். கொடியை வெட்டி நட்டால் நான்கு மாதங்களில் கிழங்கு கிடைக்கும். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப்பகுதி. கொலம்பஸ் கடல் கடந்த பிறகே உலகின் இப்பகுதிகளுக்கு வந்தது. 'பட்டாட்டா' என்ற அதன் பெயரைத்தான் ஆங்கிலேயர் பின்னாளில் உருளைக்கிழங்குக்குச் சூட்டினர். உருளைக்கும் இதற்கும்கூட நெருங்கிய உறவில்லை! நாமாவது உருண்டையாக இருப்பதைப் பார்த்து உருளை என்று நேர்மையாகப் பெயரிட்டோம்.

இவையெல்லாம் சரியே. ஆயினும் அடுத்த ஞாயிறு அந்த அம்மையார் திருப்பலிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இரண்டாம் வரிசையில் அவரது இடம் வெறுமையாக இருந்தது.

"உடம்புக்கு முடியவில்லையோ?" என்று நைஜீரியக் குருவிடம் கேட்டேன்.

"முழங்கால் வலியோடு பன்னிரண்டு ஆண்டுகளாக வருகிறவர்," என்றார் அவர். சற்று நேரம் கழித்து, "அன்று நீர் சொன்னது சரிதான். எனக்குத் தெரியாதா, அது யாம் அன்று என்று? ஆனால் அதை எனக்காகச் சொன்னீரா, அவருக்காகச் சொன்னீரா, உமக்காகச் சொன்னீரா?" என்று வினவினார்.

கொரிந்தியருக்குத் திருத்தூதர் பவுல் அறிவையும் அன்பையும் குறித்து எழுதிய பகுதியை நான் எத்தனை தியானங்களில் விளக்கியிருப்பேன்! அன்று விடை சொல்ல வரவில்லை.

அன்று மாலையே அம்மையார் வீட்டுக்குச் சென்றேன். முன்திண்ணையில் அமர்ந்து பெக்கான் கொட்டைகளை உடைத்துக் கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "ஃபாதர், நீங்கள் படித்தவர்," என்று மட்டும் சொல்லி எனக்கும் ஒரு கிண்ணம் கொட்டைகளைத் தந்தார். இருவரும் உடைத்துக் கொண்டிருந்தோம். நெடுநேரத்திற்குப் பின் அவராகவே பேசினார். அவருடைய பாட்டியின் பாட்டி நியூ ஓர்லியன்ஸ் சந்தையில் விற்கப்பட்டவராம். அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் தெரியாது. ஊர் தெரியாது. என்ன மொழி பேசினார் என்று தெரியாது. பாட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. "என் பேத்தி கல்லூரியில் படித்துவிட்டு வந்து, 'யாம் என்பது ஆப்பிரிக்கச் சொல், பாட்டி' என்றாள். அன்றைக்கு எனக்கு உறக்கம் வரவில்லை, ஃபாதர். அப்படியானால் ஒரு சொல் வந்து சேர்ந்திருக்கிறது; எங்கள் அடுக்களையிலேயே இருந்திருக்கிறது; இத்தனை நாள் நான் அதைக் கிளறிக் கொண்டே இருந்திருக்கிறேன்."

பேத்தி படித்தது உண்மையே. மேற்கு ஆப்பிரிக்காவின் ஊலோஃப், ஃபூலா மொழிகளில் 'ஞாம்', 'ஞாமி' என்ற சொற்கள் உணவையும் உண்ணுதலையும் குறிக்கும். லூசியானாவில் பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் இறக்கப்பட்ட அடிமைகளில் பெரும்பாலோர் அவ்வகை மொழிகள் வழங்கும் செனகம்பியாப் பகுதியிலிருந்தே வந்தனர். கப்பல்களின் அடித்தளத்தில் அவர்களுக்கு உணவாக ஏற்றப்பட்டவற்றுள் மெய்யான வள்ளிக்கிழங்கும் உண்டு. கரீபியத் தீவுகளில் அது வேரூன்றியது. வட அமெரிக்கக் குளிரில் நிலைக்கவில்லை. மண்ணுக்கடியில் விளைந்த வேறொரு கிழங்கைக் கண்டபோது, அம்மக்கள் தம்மிடம் எஞ்சியிருந்த பெயரை அதற்குக் கொடுத்தார்கள். பிள்ளையை இழந்த தாய், அடுத்த வீட்டுப் பிள்ளையை அந்தப் பெயரால் அழைப்பதைப் போல.

பிறகு வணிகர்கள் வந்தார்கள். 1930களில் லூசியானா அரசுப் பல்கலைக்கழகத்து ஜூலியன் மில்லர் என்பவர், ஈரப்பதமும் இனிப்பும் மிகுந்த செம்மஞ்சள் வகைச் சர்க்கரைவள்ளியை உருவாக்கினார். நியூ ஜெர்சி முதலிய மாநிலங்களில் விளைந்த வெளிறிய, உலர்ந்த கிழங்கிலிருந்து தங்கள் கிழங்கைப் பிரித்துக்காட்ட லூசியானாக்காரர்கள் ஒரு பெயர் தேடினர். அடிமைகளின் அடுக்களையில் அது ஆயத்தமாக இருந்தது. யாம் என்று பெட்டியில் அச்சிட்டு நாடெங்கும் விற்றனர். ஓப்பலூசஸ் நகரில் 1946இல் தொடங்கி அதற்கென ஆண்டுதோறும் திருவிழாவே நடத்தினர். யாம் என்று எழுதினால் கூடவே சர்க்கரைவள்ளி என்றும் எழுத வேண்டும் என்பது அந்நாட்டு வேளாண்துறையின் விதி. ஆகவே கடைத் தகர டப்பாவில் இரண்டு பெயர்களும் அருகருகே நிற்கும். அரசாங்கம் என்னைவிடப் பக்குவமாக நடந்துகொண்டிருக்கிறது! பெயரைப் பிடுங்காமல் விளக்கத்தைச் சேர்த்திருக்கிறது.

அன்றிரவு படுக்கையில் கிடந்தபோது வேறொன்று நினைவில் தட்டியது. நான் அம்மையாரிடம் என்ன சொன்னேன்? ஆங்கிலத்தில் சொன்னேனே தவிர, உள்ளத்தில் தமிழில்தான் நினைத்தேன்: 'இது யாம் அன்று; சர்க்கரை*வள்ளி*.' வள்ளி! வள்ளி என்பதே யாம் அல்லவா?

புறநானூற்றின் 109ஆம் பாட்டில், பாரியின் பறம்பு மலையில் உழாமலே விளைவன நான்கு என்று கபிலர் எண்ணுகிறார். மூங்கிலரிசி, பலா, தேன் ஆகியவற்றோடு அங்கே வள்ளிக்கிழங்கும் நிற்கிறது. சர்க்கரைவள்ளி இங்கு வருவதற்கு ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் முந்தைய பாட்டு அது. கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தைக்கு வள்ளி என்று பெயரிட்ட கதை நம் இந்து சகோதரர்கள் நன்கறிந்தது. அங்கே குறிப்பதும் மலைக்கொடியின் கிழங்கே. பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இனிக்கும் கிழங்கு வந்தது. சர்க்கரைவள்ளி என்றோம். இன்னொன்றும் வந்தது. செடி மரம்போல் நின்றதால் மரவள்ளி என்றோம். எங்கள் மாவட்டத்தில் அவற்றையே சீனிக்கிழங்கு, மரச்சீனி என்று அழைத்தோம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஏழைகளின் பசிக்கென்று மரச்சீனியைப் பரப்பினார். எங்கள் வீட்டில் பல நாள் இரவு உணவு அதுதான். இன்று சந்தையில் வெறுமனே வள்ளிக்கிழங்கு என்று கேட்டால், வந்தவர் இருவரில் ஒருவரைத்தான் எடுத்துத் தருவார்கள். வீட்டுக்கு உரியவள் பெருவள்ளி, சிறுவள்ளி என்று அடைமொழி சுமந்துகொண்டு வாசலில் நிற்கிறாள்.

ஆக, லூசியானா அடிமைகள் செய்ததையே நாமும் செய்திருக்கிறோம். எவரும் நம்மை விற்கவில்லை. எந்தக் கப்பலிலும் ஏற்றவில்லை. ஆயினும் புதியதைப் பழைய பெயரால் அழைத்தோம். சர்க்கரைவள்ளியை வள்ளி என்று ஆயிரம் முறை சொன்ன என் வாய், அவர் யாம் என்றதும் திருத்தப் புறப்பட்டது.

இதனால் வேறுபாடு ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நைஜீரியக் குருவே அதை ஒப்பமாட்டார். வள்ளியில் மாவுச்சத்து மிகுதி. கண்ணுக்கு வேண்டிய சத்து வெள்ளை வள்ளியில் இல்லை என்றே சொல்லலாம். செம்மஞ்சள் சர்க்கரைவள்ளியில் அது நிறைந்திருக்கிறது. வைட்டமின் ஏ குறைவால் பார்வை இழக்கும் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காக அக்கிழங்கைப் பரப்பிய அறிஞர்களுக்கு 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வெள்ளை உள்ளீடு கொண்ட சர்க்கரைவள்ளியையே விரும்பும் தாய்மார்களுக்கு நம் வீடுகளிலும் இதைச் சொல்லுவேன். எந்தக் கிழங்கு எது என்று தெரிந்திருக்கத்தான் வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இரண்டுக்கும் தனித்தனி நல்விதைகளைத் தந்து வருகிறது. வாய்ப்புள்ளோர் சென்று பாருங்கள்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அம்மையார் கோயிலுக்கு வந்தார். இரண்டாம் வரிசை நிறைந்தது.

2015ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரம், நைஜீரியக் குருவும் நானும் ஹூஸ்டன் நகர் வரை காரோட்டிச் சென்றோம். நைஜீரியர் மிகுதியாக வாழும் நகரம் அது. அங்கே ஓர் ஆப்பிரிக்கக் கடையில், கானா நாட்டிலிருந்து வந்த மெய்யான வள்ளிக்கிழங்குகள் விறகுக்கட்டை போல அடுக்கப்பட்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, முகர்ந்து, ஒன்றைத் தோளில் சாய்த்துக் கொண்டார். திரும்பும் வழியெல்லாம் தம் ஊர்க் கதை. உலகில் விளையும் வள்ளியில் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள் நாட்டில்தான் விளைகிறது. இக்போ மக்களுக்கு அது 'ஜி'. நிறைய விளைவித்தவனுக்கு 'எஸேஜி', அதாவது வள்ளியரசன், என்று பட்டம். ஆகஸ்டு மாதம் புதுவள்ளித் திருநாள். முன்னோர் தெய்வத்துக்குப் படைத்ததை, இன்று அவர் ஊர்ப் பங்கில் காணிக்கைப் பவனியில் பீடத்திற்குக் கொண்டு வருகிறார்களாம். நம் ஊரில் பொங்கல் நாளில் புத்தரிசி கொணர்வது போலத்தான் என்று நான் சொல்ல, அவர் மகிழ்ந்து போனார்.

அம்மையாரை இல்லத்திற்கு அழைத்தோம். நைஜீரியக் குருவே தோல் சீவி, வேகவைத்து, செம்பனை எண்ணெயும் மிளகாயும் சேர்த்துப் பரிமாறினார். அம்மையார் சிலுவை அடையாளம் வரைந்தார். சற்று நேரம் தட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. பிறகு ஒரு துண்டை எடுத்து மெதுவாக மென்றார். நாங்கள் இருவரும் தேர்வு எழுதிய சிறுவர்களைப் போல அவர் முகத்தையே நோக்கியிருந்தோம்.

"இதுவா?" என்றார்.

"இதுதான், அம்மா."

"உப்பில்லாத உருளைக்கிழங்கு போலிருக்கிறதே! இதற்கா நான் எண்பத்திரண்டு ஆண்டு காத்திருந்தேன்?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நைஜீரியக் குரு முதலில் திகைத்து, பின் மேசையைத் தட்டிச் சிரித்தார். அம்மையார் எழுந்து எங்கள் அடுக்களை அலமாரியைத் துழாவி, கரும்புப்பாகுச் சீசாவை எடுத்து வந்து தட்டின்மேல் தாராளமாக ஊற்றினார். வள்ளியரசன் பட்டம் வாங்கியவர்கள் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். தட்டு மட்டும் காலியாயிற்று.

எழும்போது, சீவாமல் ஒதுக்கிவைத்த கிழங்கின் தலைப்பகுதியைக் காட்டி, "இதை நட்டால் முளைக்குமா?" என்று கேட்டார். அங்கே நான் பயன்பட்டேன். என் தந்தையார் செய்த முறையில், வெட்டிய முகத்தைச் சாம்பலில் புரட்டி, இரண்டு நாள் நிழலில் உலரவைத்து, அவர் வீட்டுப் பின்புறத்தில் குழியெடுத்து நட்டேன். சர்க்கரைவள்ளிக் கொடி நடுவதற்கு அவர் போட்டிருந்த மேட்டுப் பாத்தி பக்கத்திலேயே இருந்தது. "இதற்குக் கொம்பு வேண்டும், இது மேலே ஏறும்," என்றேன். "உங்கள் நைஜீரியரைப் போலவா?" என்றார். அவர் ஆறடி இரண்டங்குலம்.

கொடி ஜூன் மாதத்தில் வேலியைப் பிடித்தது. ஆகஸ்டில் வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுப் பெக்கான் மரத்தில் ஏறியது. அவ்வாண்டு நன்றியறிதல் நாளில் இலை பசுமையாகவே இருந்ததால் தோண்டக் கூடாது என்று தடுத்துவிட்டேன். பனி விழுந்து இலை கருகிய பிறகு, ஒரு சனிக்கிழமை மாலை, அம்மையார் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு சக்கிரீஸ்துக்கு வந்தார். உள்ளே, கைப்பிடியளவுக்கு, மண் ஒட்டிய ஒரு வள்ளிக்கிழங்கு. வெயில் போதாத மண்ணில் அவ்வளவே திரண்டிருந்தது. நைஜீரியக் குரு அதை இரு கைகளிலும் வாங்கிக் கொண்டார்.

"இது உங்கள் யாம், ஃபாதர்," என்றார் அம்மையார். பிறகு என் பக்கம் திரும்பி, "என் யாம் அடுப்பில் இருக்கிறது. பூசை முடிந்ததும் இருவரும் வந்துவிடுங்கள்," என்றார்.